நோயும் நோயாளி சென்ற இடமும் ஒரே தகவல்: சட்டக் காப்பு வேண்டி நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை;
உதகமண்டலம், குன்னூர், கூடலூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

ஒருவருக்கு என்ன நோய் என்பதையும், அந்த நோய்க்காக அவர் எந்த நாளில் எந்த மருத்துவமனைப் படியேறினார் என்பதையும் தனித்தனியே பிரிக்க முடியாது. இரண்டாவதை அறிந்தவர் முதலாவதை எளிதில் ஊகித்துவிடுவார். ஆனால் இன்றுள்ள சட்டங்கள் சில நோய்களுக்கு மட்டும் உறுதியான காப்பு அளிக்கின்றன. மற்ற நோய்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்கின்றன. நோயாளியின் இருப்பிடத் தகவலைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் சட்டம் ஒன்றைத் தமிழ்நாடு இயற்ற வேண்டும் என்று வேண்டியே இம்மடலை எழுதுகிறேன்.

நான் குன்னூரில் வழக்கறிஞராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் சிறு தேயிலை விவசாயிகளும் ஆவர். சொத்துத் தகராறு, கூலி பாக்கி, ஜீவனாம்சம் என்று வருபவர்களுக்கிடையே, சில ஆண்டுகளாக, "என் ரிப்போர்ட் எப்படி வெளியே போனது?" என்று கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய விடை சட்டத்தில் மிகக் குறைவாகவே இருக்கிறது.

அவர்களில் ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண். இருமல் நிற்காததால் சளிப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். முடிவு அவர் கைக்கு வருவதற்கு முன்பே, கொழுந்து நிறுக்கும் கொட்டகைப் பக்கம் வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். பிள்ளைக் காப்பகத்தில் அவருடைய குழந்தையை ஏற்க மறுத்துவிட்டார்கள். அவருடைய கைப்பேசிக்குப் பரிசோதனை நிலையம் அனுப்பியிருந்த குறுஞ்செய்தியை என் அலுவலகத்தில் திறந்து பார்த்தோம். அதிலிருந்த இணைப்பைத் தொட்டவுடன், கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்காமல் ரிப்போர்ட் திறந்தது. மேலே பெயர், வயது, கைப்பேசி எண், அனுப்பிய மருத்துவரின் பெயர் ஆகியவையும், கீழே பரிசோதனை முடிவும் இருந்தன. இணைப்பின் இறுதியில் ஓர் எண் இருந்தது. உடன் வந்திருந்த அவருடைய மூத்த மகன் அந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டி அழுத்தினான். யாரோ ஒரு முதியவரின் சர்க்கரை அளவும் சிறுநீரகப் பரிசோதனையும் திரையில் வந்து நின்றன. உடனே மூடச் சொன்னேன். அந்த நிலையத்தாரிடம் தெரிவித்தபோது, மென்பொருள் செய்து கொடுத்தவர்களிடம் சொல்லிவிடுவதாகப் பதில் வந்தது. அந்தப் பெண்ணின் முடிவு எந்த வழியாகத் தோட்டத்திற்குப் போனது என்பதை இன்றுவரை உறுதி செய்ய இயலவில்லை. யாரிடம் கேட்பது, எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது என்பதே பெரும் சிக்கலாக நிற்கிறது.

காசநோய் கண்டறியப்பட்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டிலிருந்து கட்டாயம். அது சரியானது என்றே நான் கருதுகிறேன். அந்த அறிவிப்பால்தான் இலவச மருந்தும், ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாயும் நோயாளிக்குக் கிடைக்கின்றன. ஆனால் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பது ஒன்று, தோட்டத்து மேற்பார்வையாளருக்குத் தெரியவருவது வேறொன்று. முதலாவதைக் கட்டாயமாக்கிய அரசுக்கு இரண்டாவதைத் தடுக்கும் கடமையும் உண்டு.

சட்டத்தின் இன்றைய நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையில் அரசு தலையிட வேண்டுமானால், அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்கு வேண்டிய அளவைத் தலையீடு தாண்டக் கூடாது. அதன்பின், நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த வரைவு மசோதா, உடல்நலத் தகவலைக் கூடுதல் காப்புக்குரியது என்று தனியாக வகைப்படுத்தியது. அதே ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட டிஷா என்னும் வரைவு, மின்னணு மருத்துவத் தகவலைக் காப்பீட்டு நிறுவனங்களும் வேலை கொடுப்பவர்களும் மருந்து நிறுவனங்களும் அணுகவே கூடாது என்று தடுக்க முனைந்தது. அந்த வரைவு சட்டமாகவே இல்லை. ஸ்ரீகிருஷ்ணா குழுவின் தனி வகைப்பாடும், 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஒருவருடைய புற்றுநோய் அறிக்கையும் அவர் துணிக்கடையில் கொடுத்த கைப்பேசி எண்ணும் அச்சட்டத்தின் பார்வையில் ஒரே வகைத் தகவல்தான்.

அச்சட்டத்தில் நல்லவை உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் பெறும் உரிமையை அது தருகிறது; தகவல் கசிந்தால் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது; போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வழி செய்கிறது. ஆனால் அந்தத் தண்டத் தொகை முழுவதும் இந்தியத் தொகுநிதிக்குச் செல்லும். தகவல் பறிபோன நோயாளிக்கு ஒரு ரூபாயும் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவு, கவனக்குறைவால் தகவலைக் கசியவிட்ட நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கோர வழி வைத்திருந்தது. அதன் கீழ் 2011இல் வகுக்கப்பட்ட விதிகள் மருத்துவ ஆவணங்களையும் உடல்நிலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. அந்த 43அ பிரிவையே புதிய சட்டத்தின் 44ஆம் பிரிவு நீக்குகிறது. உரிமையியல் நீதிமன்றங்களின் அதிகாரமும் விலக்கப்பட்டுள்ளது. புதிய சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. மேலும், மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கும் பின்னர் மின்னணு வடிவுக்கு மாற்றப்பட்ட தகவலுக்கும் மட்டுமே அச்சட்டம் பொருந்தும். நம் மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் இன்றும் மேசை மேல் விரித்து வைக்கப்பட்டிருக்கும் நோயாளர் பதிவேட்டை, வரிசையில் நிற்பவர் எவரும் தலைகீழாகவேனும் படித்துவிடலாம். அந்தப் பதிவேடு இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதேயில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். தனியார் மருத்துவமனை என்றால் போகலாம். ஆனால், 1995ஆம் ஆண்டின் சாந்தா வழக்குத் தீர்ப்பின்படி, எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது. எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. நீலகிரிக்கான உயர் நீதிமன்றம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது. நாள் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடம், உங்கள் உரிமையை அங்கே போய்க் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்குச் சட்டம் இயற்றத் தெரியாத நாடு அல்ல நம் நாடு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய தெளிந்த ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 8ஆம் பிரிவில் திட்டவட்டமாகக் கூறுகிறது. வழக்கு நடக்கும்போது பெயரை மறைத்து விசாரிக்கவும் அதில் வழியுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தை உரிமையாகவே வரையறுத்துள்ளது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 5அ பிரிவு, கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. இவை மூன்றும் நல்ல முன்மாதிரிகள். ஆனால் காசநோய், தொழுநோய், வலிப்பு, புற்றுநோய், குழந்தையின்மை ஆகியவற்றுக்கு இத்தகைய சுவர் எதுவும் எழுப்பப்படவில்லை. எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு முறிவதற்கு இவற்றில் ஏதேனும் ஒன்றே போதும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு செய்திக்கு வருகிறேன். இம்மடலில் நான் மிக முக்கியமாகக் கருதுவதும் இதுவே. மருத்துவத் தகவலைத் திரட்டும் எவரும், பெயரை நீக்கிவிட்டோம், ஆகவே ஆபத்தில்லை என்பார்கள். பல இலட்சம் பேர் வாழும் நகரத்தில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளவை என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு பழங்குடிச் சமூகங்களான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அனைவரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். தோடர்களின் மொத்த எண்ணிக்கையே ஏறத்தாழ இரண்டாயிரம்தான். தோடர் இனப் பெண், வயது முப்பத்து நான்கு, இன்ன மந்து (தோடர் குடியிருப்பு), இரண்டு குழந்தைகள் என்று ஓர் அட்டவணையில் எழுதினால், பெயரை எழுதவில்லையே தவிர, படிப்பவருக்கு அவர் யார் என்பது தெரிந்துவிடும். படகர் ஊர்களான ஹட்டிகளிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் இதே நிலைதான். ஐந்தாறு குடும்பங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசையில், வயதையும் தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு) என்பதையும் சொன்னாலே ஆளைச் சொன்னதாகும்.

பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் இரத்த நோயான அரிவாள் செல் இரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்த மரபணுக் கூறு முதன்முதலில் பதிவானது இந்த நீலகிரி மலையில்தான். லேமன், கட்புஷ் ஆகிய இருவர் 1952இல் அதை வெளியிட்டார்கள். 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு இந்நோயை 2047க்குள் ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கி, நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்தது. பரிசோதிக்கப்பட்டவருக்கு அவருடைய மரபணு நிலையைக் காட்டும் அட்டை தரப்படுகிறது. திருமணத்துக்கு முன் இருவர் அட்டைகளையும் ஒப்பிட்டு, பிறக்கும் குழந்தைக்கு நோய் வருமா என்று அறிந்துகொள்ளலாம். இந்தத் திட்டம் உயிர்களைக் காக்கும். அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அந்த அட்டையிலுள்ள தகவல் அதை வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதன்று. அது அவருடைய பெற்றோரையும் உடன்பிறந்தோரையும், இன்னும் பிறக்காத பிள்ளைகளையும் பற்றிப் பேசுகிறது. அதைச் சுமப்பவர்களின் பட்டியல் ஒரு சிறிய சமூகத்தின் ஊர்ப்பெயர்களோடு வெளியானால், அதை எந்த நீதிமன்ற ஆணையாலும் திரும்பப் பெற முடியாது. அட்டையைக் கேட்டுப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, பள்ளியோ வேலை கொடுப்பவரோ காப்பீட்டு முகவரோ கேட்டால் மறுக்கலாமா என்பதைச் சட்டம் சொல்ல வேண்டும்.

இருப்பிடத் தகவலின் ஆபத்தும் மலையில் கூடுதலானது. நகரத்தில் ஒருவருடைய கைப்பேசி ஒரு மருத்துவமனையின் அருகே இருந்தது என்றால், அவர் பக்கத்துக் கடைக்கோ வங்கிக்கோ வந்திருக்கலாம். இங்கே பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் சாலையோரத்தில் தேயிலைச் சரிவுக்கு நடுவே தனியாக நிற்கின்றன. அங்கு ஒருவருடைய கைப்பேசி ஒரு மணி நேரம் இருந்தது என்றால், அவர் சிகிச்சைக்கு வந்தார் என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள இடமில்லை. கிழமையும் சேர்ந்தால் நோயின் தன்மையும் தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது ஊரறிந்த நடைமுறை. மணமாகாத ஒரு பெண்ணின் கைப்பேசி இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் அங்கே இருந்தது என்ற ஒற்றைத் தகவல், எந்த மருத்துவ ஆவணத்தையும் திறக்காமலேயே அவருடைய வாழ்வைக் கலைத்துவிடக்கூடும். இந்தத் தகவல் மருத்துவமனையிடம் இருப்பதில்லை. கைப்பேசியில் உள்ள வானிலைச் செயலியிடமும் விளையாட்டுச் செயலியிடமும், அவற்றிலிருந்து வாங்கி விற்கும் இடைத்தரகர்களிடமும் இருக்கிறது. மருத்துவர்களுக்கு விதிக்கப்பட்ட இரகசியக் கடமை அவர்களைக் கட்டுப்படுத்தாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம் இந்த இடைவெளியை நேரடியாக அடைத்தது. ஒருவர் மருத்துவச் சேவையை நாடினார் என்பதைக் காட்டக்கூடிய துல்லியமான இருப்பிடத் தகவலையே அச்சட்டம் உடல்நலத் தகவல் என்று வரையறுக்கிறது. மருத்துவ நிலையத்தைச் சுற்றி 2,000 அடிக்குள் மின்னணு வேலி அமைத்து, உள்ளே வருபவர்களை அடையாளம் காண்பதையும், அவர்களுக்கு விளம்பரம் அனுப்புவதையும் தடை செய்கிறது. அங்கே வகுத்த 2,000 அடி என்னும் அளவு நம் மலைப்பாதைகளுக்குப் பொருந்துமா என்பதைத் தனியே ஆராய வேண்டும். ஆனால் அந்த வரையறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நோயாளியின் இருப்பிடத்தை அரசே கேட்ட காலமும் உண்டு. கொரோனா காலத்தில், வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதையும், தொற்றாளர்களின் பெயர், தெரு அடங்கிய பட்டியல்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதையும் நாம் மறந்துவிடவில்லை. உரிய அதிகாரியின் சட்டபூர்வமான ஆணை இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள், அந்த வாசல்களைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஆரோக்கிய சேது செயலிக்கு, இருப்பிடத் தகவலை 180 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2020 மே மாதத்தில் மத்திய அரசு ஒரு நெறிமுறை வகுத்தது. பெருந்தொற்றுக்கு நடுவிலும் கால வரம்பு வைக்க முடிந்தது என்பதற்கு அது சான்று. எனினும் அது நிர்வாக ஆணையாக இருந்ததே தவிர, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக இருக்கவில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் கேட்கப்படுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மலையின் தாங்குதிறனைக் கணிக்க அந்தக் கணக்கு தேவை. ஆனால் வாகனங்களை எண்ணுவதற்காகப் பெற்ற பெயரும் கைப்பேசி எண்ணும் எத்தனை நாள் வைக்கப்படும், வேறு எந்தப் பட்டியலோடும் சேர்க்கப்படாது என்பதற்கு என்ன உறுதி என்பதை அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நோயாளியைப் பார்க்க வரும் உறவினரின் வண்டியும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

தோட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை நிர்வாகத்தின் கடமையாக்கியது; அதனால் மலைச்சரிவுகளில் மருத்துவமனைகள் வந்தன, பல தலைமுறைகள் பிழைத்தன. அதே ஏற்பாட்டால், தொழிலாளியின் நோயை அறிந்த மருத்துவர் அவருடைய முதலாளியிடமே சம்பளம் வாங்குபவராகவும் இருக்கிறார். மருத்துவ விடுப்புக்குத் தரும் சான்றில் நோயின் பெயர் எழுதப்படுகிறது. அது அலுவலக எழுத்தரின் மேசை வழியாகச் செல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகத் தொழிலாளியின் தகவலை ஒப்புதலின்றியே கையாள வேலை கொடுப்பவரை அனுமதிக்கிறது. தோட்டத்து மருத்துவமனை ஆவணங்களும் இதற்குள் அடங்கும் என்று ஒரு நிர்வாகம் வாதிட்டால், அதை மறுக்கத் தெளிவான வாசகம் அச்சட்டத்தில் இல்லை. விடுப்புச் சான்றில் எத்தனை நாள் ஓய்வு வேண்டும், எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும் என்பவை மட்டும் இருந்தால் போதும். நோயின் பெயர் நிர்வாகத்துக்கு எதற்கு?

அரசின் திட்டங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், பேருந்து போகாத குடியிருப்புகளுக்கும் இரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டு சேர்க்கிறது. அதன் தன்னார்வலர்கள் மேடேறி வருவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களுடைய உழைப்பின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் லைன் வீட்டு வாசலில் நின்று, அண்டை வீட்டார் கேட்கக் கேட்க, "போன மாசம் சுகர் எவ்வளவு இருந்ததுங்க அக்கா?" என்று கேட்டுக் கைப்பேசியில் பதிய வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்? தனியாகக் கேட்க இடமும், பதிந்த தகவலைத் தன் சொந்தக் கைப்பேசியில் வைக்காதிருக்கக் கருவியும், பயிற்சியும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் இல்லாமல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் பெறுவது கடினம். அப்படியானால் அந்தப் பதிவுக்குப் பெண் தரும் ஒப்புதலைச் சுதந்திரமான ஒப்புதல் என்று சொல்ல இயலாது. ஆகவே, தகவலை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற எல்லையைச் சட்டமே வகுக்க வேண்டும். பதிவான கர்ப்பம் சட்டப்படி கலைக்கப்பட்டாலோ தானாகக் கலைந்தாலோ, பிரசவம் ஆயிற்றா என்று வீடு தேடி வரும் விசாரிப்பும் தொலைபேசி அழைப்பும் நிறுத்தப்பட வேண்டும். இல்லையேல், கருக்கலைப்புச் சட்டத்தின் 5அ பிரிவு மருத்துவரின் வாயை அடைத்துவிட்டு, பதிவேட்டின் வாயைத் திறந்து வைத்ததாகிவிடும்.

மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழும். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6ஆம் இனம். 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. 2023ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், தான் பிற சட்டங்களுக்குக் கூடுதலானது என்று 38ஆம் பிரிவில் கூறிவிட்டு, முரண் இருந்தால் மட்டும் தானே மேலோங்கும் என்கிறது. நோயாளிக்குக் கூடுதல் காப்பு அளிப்பது முரணாகாது என்பது என் கருத்து. ஐயம் இருப்பின் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

அந்தச் சட்டம், உடல்நலத் தகவல் என்பதற்குள் மரபணுத் தகவலையும், மருத்துவ நிலையத்துக்குச் சென்றதைக் காட்டும் இருப்பிடத் தகவலையும், காகிதப் பதிவேட்டையும் சேர்த்து வரையறுக்க வேண்டும். இவற்றை விற்பதை ஒப்புதல் இருந்தாலும் அனுமதிக்கக் கூடாது. ஏனெனில் மருந்துக்காக வரிசையில் நிற்பவர் எந்தக் கட்டத்தில் டிக் செய்யச் சொன்னாலும் செய்துவிடுவார். வேலை கொடுப்பவரும் காப்பீட்டு நிறுவனமும் நோயாளியிடம் நேரடியாகப் பெற்றதற்கு மேல் எதையும் பிறரிடமிருந்து பெறக் கூடாது. காவல்துறை கேட்டால், நீதித்துறை நடுவரின் எழுத்து மூலமான ஆணையைக் காட்டிய பின்பே தர வேண்டும். சிறிய சமூகங்களைப் பற்றிய புள்ளிவிவரங்களை வெளியிடும்போது, ஆளை அடையாளம் காண முடியாத அளவுக்கு எண்ணிக்கை இருந்தாலன்றி ஊர்ப்பெயரும் வயதும் சேர்ந்து வரக் கூடாது. பழங்குடியினரைப் பற்றிய ஆய்வென்றால் அவர்களுடைய ஊர்க்கூட்டத்தின் சம்மதமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் மாவட்ட அளவில், உதகையிலேயே அமரும் ஓர் அலுவலருக்கு இருக்க வேண்டும். அந்த மனுவுக்குக் கட்டணம் இருக்கக் கூடாது, மனுதாரரின் பெயர் வெளியே வரக் கூடாது.

108 ஆம்புலன்ஸ் இருப்பிடம் அறியாமல் வர முடியாது. தொற்றைக் கண்டறிய அது பரவிய வழியைத் தேடத்தான் வேண்டும். இவற்றைத் தடுக்குமாறு நான் கேட்கவில்லை. அவசரத்துக்குப் பெற்ற தகவல் அவசரம் தீர்ந்ததும் அழிக்கப்பட வேண்டும் என்றே கேட்கிறேன். தகவல் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பினால்தான் மக்கள் பரிசோதனைக்கே வருவார்கள் என்பதை என்னைவிடத் துறையினர் நன்கு அறிவர். இருமலை மறைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் ஒருவரால் அந்த வரிசை முழுவதற்கும் நோய் பரவக்கூடும்.

சட்டம் வர நாளாகும். அதுவரை செய்யக்கூடியவை உண்டு. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 2018இல் வகுத்த விதிகளைத் திருத்தி, ஓடிபி இன்றித் திறக்கும் ரிப்போர்ட் இணைப்புகளையும், ரிப்போர்ட்டுகளை முகப்பில் கட்டுக்கட்டாக வைத்து நோயாளிகளையே தேடி எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கத்தையும் பதிவு நிபந்தனை மூலமாகவே தடுக்கலாம். அரசு மருத்துவமனைகளுக்கு ஓர் அரசாணை போதும்: பெயரையும் நோயையும் சேர்த்து உரக்கக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணால் அழைப்பது, பதிவேட்டை மூடி வைப்பது, நோயாளியின் படத்தையோ முடிவையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதை நிறுத்துவது.

சட்டமன்ற உறுப்பினர்கள் மூவரிடமும் ஒரு தனி வேண்டுகோள். வரைவு மசோதாவை முதலில் தமிழில் வெளியிடுமாறு அவையில் வலியுறுத்துங்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் உதகையில் மட்டும் நடந்தால், பந்தலூரிலிருந்து வருபவர் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க வேண்டியிருக்கும். ஆகவே கூடலூர், பந்தலூர், கோத்தகிரி ஆகிய ஊர்களிலும், தொழிலாளர்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நடத்தச் செய்யுங்கள். அங்கு வருபவர் எவரும் தம் நோய் என்னவென்று நான்கு பேர் முன்னிலையில் சொல்ல நேராதபடி, பெயர் எழுதாத தாளில் கருத்தைக் கொடுக்கவும், எழுதத் தெரியாதவர் தனியறையில் வாய்மொழியாகச் சொல்லவும் ஏற்பாடு வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வழக்கறிஞர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.